எண்ணெய் தொட்ட பல்

மன்னார்குடியில் பல் மருத்துவமனை திறந்தபோது, பல் வலித்தால் ஜனங்கள் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பேர் விமான டிக்கெட் கைக்கு வந்தால் வருவார்கள். துபாய், குவைத், சிங்கப்பூர் என்று கிளம்புகிறவர்கள் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்ட சொத்தைப் பல்லைக் கிளம்புகிற வாரத்தில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "வெள்ளிக்கிழம ஃபிளைட்டு டாக்டர், அதுக்குள்ள முடிச்சு விட்ருங்க" என்பார்கள், வியாழக்கிழமை சாயங்காலம். வெளிநாட்டில் பல் வைத்தியம் செய்தால் சொத்தை விற்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்லி, அது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எனக்குக் கோபம் வரும். நன்றாகத் திட்டுவேன். திட்டி முடித்துவிட்டு விளக்கைப் போட்டு வாயைத் திறக்கச் சொல்வேன்.

நான் தரங்கம்பாடிக்காரி. லுத்தரன் குடும்பம், அதாவது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் தாளிக்க, தலையில் தேய்க்க, அவ்வளவுதான். சாமியிடம் பேச வாய் போதும் என்று வளர்ந்தவள். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவது எண்ணெயைப் பற்றி.

அந்தப் பெண் ஒரு நர்ஸ். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. வீடு வடவாற்றங்கரையில், எங்கள் ஊருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ஒரு கத்தோலிக்கக் கிராமம். அப்பா இல்லை. அம்மாதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்தவர். அயர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது, விசாதான் வரவேண்டும் என்ற நிலையில், பங்குனி மாதத்தில் என்னிடம் வந்தாள். மேல்வாய் முன்பல் ஒன்று பாதிக்கு மேல் சரிவாக உடைந்திருந்தது.

பங்குனியில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டாம். சம்பா அறுப்புக்குப் பிறகு வயலில் விதைத்த உளுந்து அப்போது அறுவடைக்கு வரும். பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் பரப்பி விடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். கூலி மிச்சம். ஸ்கூட்டியில் வருகிறவர்கள்தான் செடியின் மேல் சறுக்கி விழுவார்கள். ஒவ்வொரு பங்குனியிலும் எனக்கு இரண்டு மூன்று உளுந்துப் பற்கள் வரும்.

"ரோட்டுல போட்டவங்கள நாலு கேள்வி கேட்டியா?" என்றேன். அந்த வழக்கத்தின் மேல் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு.

"எங்க கேக்கறது டாக்டர்? எங்க வீட்டு உளுந்துதான் அது."

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தவள், தன் அம்மா பரப்பி வைத்த செடியிலேயே வீட்டு வாசலுக்கு எதிரே விழுந்திருக்கிறாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். "அன்னையிலேர்ந்து எங்க வீட்ல இட்லி தோசை கிடையாது. உளுந்தப் பாத்தாலே அழுவுது. உங்ககிட்ட வரவும் வெக்கப்படுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். அவளுக்கு அது அப்படியே நடந்தது. ஆங்கிலத்தில் சில எழுத்துகளைச் சொன்னால் காற்றுதான் வந்தது. "அங்க போயி பேஷண்ட்கிட்ட பயப்படாதீங்கன்னு சொல்லணும் டாக்டர். இந்தப் பல்ல வச்சுக்கிட்டுச் சொன்னா, அப்பத்தான் பயப்படுவாங்க" என்றாள். எனக்கு அவளை அன்றே பிடித்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

வேர் சிகிச்சை செய்து, மிச்சமிருந்த பல்லைச் செதுக்கி, அதன் மேல் முழுப் பீங்கான் உறை ஒன்று போட முடிவு செய்தேன். 'கேப்' என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். கடைவாய்ப் பல் என்றால் உள்ளே உலோகம் வைத்துச் செய்யலாம். முன்பல்லில் உலோகம் வைத்தால் வெளிச்சம் உள்ளே போகாது, பல் செத்துப் போனது போலத் தெரியும். முழுப் பீங்கான் அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல். கடைவாயில் பல் உயரமாக நிற்கும், உறை அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இவளுக்கு மிச்சமிருந்ததோ குட்டையான, சரிவான ஒரு துண்டு. கவ்வ இடமில்லை. ஒட்டுகிற பசையை நம்பித்தான் எல்லாம்.

பீங்கான் லேசில் எதோடும் ஒட்டாது. நான் படித்த காலத்தில் இருந்த பழைய சிமெண்ட் அதன் பக்கத்தில் சும்மா நிற்கும், ஒட்டாது. பிறகு நாட்டின் கதவுகள் திறந்து வெளிநாட்டுச் சாமான்கள் எல்லாம் கடைத்தெருவுக்கு வந்த வேகத்தில் ரெசின் சிமெண்ட் என்கிற புதுப் பசையும் வந்தது. மன்னார்குடிப் பையன்கள் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போனார்கள், அங்கிருந்து பசை எனக்கு வந்தது. அதைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். என் மோர்ச்சாதத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பசை பீங்கானில் பிடிக்க வேண்டுமானால் சில சடங்குகள் உண்டு. முதலில் உறையின் உட்புறத்தில் கண்ணாடியையே அரிக்கிற அமிலத்தைத் தடவ வேண்டும். பளபளவென்று இருந்த உட்புறம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் ஆயிரக்கணக்கில் விழுந்திருக்கும். அடுத்தது சிலேன் என்று ஒரு திரவம். அது நெல் தரகர் மாதிரி. இந்தப் பக்கம் மிராசுதாரரையும் தெரியும், அந்தப் பக்கம் மில்காரரையும் தெரியும். பீங்கானை ஒரு கையிலும் பசையை ஒரு கையிலும் பிடித்து இரண்டையும் சேர்த்து வைக்கும். பிறகு பசை, அதன் மேல் நீல வெளிச்சம். பசை குழிகளுக்குள் இறங்கி இறுகிவிடும். ஒழுங்காகச் செய்தால் அதற்குப் பிறகு கழற்ற முடியாது. பீங்கானை அரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அமிலம் வைக்கிற வேலையை எங்களுக்குப் பல் செய்து தருகிற தஞ்சாவூர் லேபிலேயே முடித்து, பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். "லேப் எங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடிதான் டாக்டர். நானே வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, மறுநாள் உங்ககிட்ட வந்திடறேன்" என்றாள். நல்லதாகப் போயிற்று என்று சரி சொன்னேன்.

ஒட்டினேன். பல் அச்சு அசலாக இருந்தது. பக்கத்துப் பல்லின் ஓரத்தில் லேசான மஞ்சள் நிழல் உண்டு. அதே நிழலை இதிலும் வைக்கச் சொல்லியிருந்தேன். கண்ணாடியைக் கொடுத்ததும், கையால் மறைக்காமல் சிரித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் தாங்கவில்லை. மருத்துவமனை கேன்டீனில் கழன்றது. அதுவும் எதில்? இட்லியில். கரும்பைக் கடித்தாள், முறுக்கைக் கடித்தாள் என்றாலாவது ஒரு நியாயம் உண்டு. இட்லியில் பல் கழன்றது என்று எந்தப் பல் டாக்டர் வெளியே சொல்ல முடியும்? "உளுந்து உன்ன விடவே விடாதான்னு அம்மா கேக்குது" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு துப்பு உண்டு. கழன்ற உறையை எடுத்து, பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உறைக்குள் தங்கியிருந்தால் பல்லோடு பிடிக்கவில்லை என்று அர்த்தம், அது என் வேலையில் கோளாறு. பல்லின் மேல் தங்கியிருந்தால் பீங்கானோடு பிடிக்கவில்லை. பார்த்தேன். பசை முழுவதும் பல்லின் மேல் இருந்தது. உறையின் உட்புறம் தேய்த்துக் கழுவி வைத்த கிண்ணம் போலச் சுத்தமாக இருந்தது.

லேப்காரரைப் போனில் பிடித்தேன். அமிலமே வைக்காமல் அனுப்பிவிட்டீர்கள் என்று ஆரம்பித்து, என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

"மேடம், அமிலம் வச்சு, கழுவி, சுண்ணாம்பாட்டம் வெளுத்திருக்கான்னு வெளிச்சத்துல பாத்துத்தான் பெட்டில வச்சேன்" என்றார் அவர்.

"அப்பறம் ஏன் ஒட்டல?"

"அது ஒட்டுனவங்களத்தான் கேக்கணும்."

நான் போனை வைத்துவிட்டேன். ஆனாலும் உறையை அவரிடமே திருப்பி அனுப்பினேன். ஒழுங்காக மறுபடி அமிலம் வைத்துத் தரச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று, மின்வெட்டில் பசை கெட்டுப் போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் புதுப் பசையும் வாங்கினேன். மறுபடியும் அவளே பெட்டியை வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் கொண்டுவந்தாள். எச்சில் படாமல், ஈரம் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன்.

இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாகக் கழன்றது. ஒரு பெரியவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் படுக்கையிலேயே விழுந்திருக்கிறது. அவர் அதைத் தேடி எடுத்து, "இந்தாம்மா" என்று கொடுத்தாராம். அதைச் சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடிகிற இடத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள். விசா வந்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று. "அங்க போயி கழண்டா நான் என்ன டாக்டர் பண்ணுவேன்? புது எடம். முதல் மாசச் சம்பளம்கூட வாங்கியிருக்க மாட்டேன்."

இந்தத் தடவையும் பசை பல்லின் மேல்தான். பீங்கான் சுத்தமாக விட்டுக்கொடுத்திருந்தது. நான் லேப்காரரோடு மறுபடி சண்டை போட்டேன். "அனுப்புங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். அது திட்டுவதை விட மோசமாக இருந்தது. மூன்றாவது தடவையாக அமிலம் வைத்துக் கொடுத்தார்.

அவள் கிளம்புவதற்கு முந்தின வாரம் அது. அன்று அம்மாவும் கூட வந்தார். ஒல்லியான, வெயிலில் காய்ந்த உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். உள்ளே வந்து உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து பல் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எனக்குத் தைரியம் சொல்கிறவர் போல மெதுவாகச் சொன்னார்.

"இந்தத் தடவ கழலாது டாக்டரம்மா. உள்பக்கமெல்லாம் நல்லாப் படற மாதிரி தடவியிருக்கேன்."

"என்னது தடவியிருக்கீங்க?"

"மாதா கோயில் எண்ணெதான். மொத தடவ சும்மா ஒரு பொட்டுத்தான் வச்சேன். நிக்கல. ரெண்டாந்தடவ கொஞ்சம் கூட வச்சேன். அப்பவும் நிக்கல. என் ஜெபத்துலதான் கொறன்னு நெனச்சுக்கிட்டு, இந்தத் தடவ ராத்திரியெல்லாம் எண்ணெயிலயே ஊற வச்சிட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். பீங்கான் பல் பஞ்சின் மேல் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை அறை முழுக்க வந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! இரண்டு தடவை பட்ட பாடு, புதுப் பசை, லேப்காரரிடம் பேசிய பேச்சு எல்லாம் ஒன்றாக மண்டைக்கு ஏறியது. நாற்காலியில் சாய்ந்திருந்த மகள் எழுந்து உட்கார்ந்து, "அம்மா! என்னம்மா பண்ணி வச்ச?" என்று கத்தினாள். நர்ஸ் அல்லவா, அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று தடவையும் பெட்டியை வாங்கி வந்து மாதா படத்துக்கு முன்னால் வைத்ததோடு அவள் தூங்கப் போயிருக்கிறாள். மற்றது எதுவும் அவளுக்குத் தெரியாது.

அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் தன் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து மறைத்துக்கொண்டதைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. தப்புச் செய்த விரல் அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உட்காரச் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். பீங்கானுக்குள் அமிலம் குழி போடும், அந்தக் குழிக்குள் பசை இறங்கினால்தான் பிடிக்கும். எண்ணெய் முதலில் போய்க் குழியை அடைத்துக்கொண்டால் பசைக்கு இடமில்லை. தண்ணீரில் கழுவினேன், எச்சில் போவதற்கான மருந்து போட்டேன். அதற்கெல்லாம் எண்ணெய் போகாது. எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா அதற்கானதைப் போட்டிருப்பேன்?

அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். "எண்ணெ தடவிக்கிட்டு மண்ணுல பொரண்டாலும் ஒட்டுறதுதான் ஒட்டும்பாங்க. நான் எண்ணெயத் தடவியே ஒட்ட விடாமப் பண்ணிட்டேனே" என்றார். "உளுந்தப் போட்டு பல்ல ஒடச்சதும் நான். ஒட்ட விடாமக் கெடுத்ததும் நான்."

"அழாதீங்கம்மா. சுத்தம் பண்ணி ஒட்டிடறேன். எண்ணெய் மட்டும் வேணாம்."

அவர் தலையை ஆட்டவில்லை. புது மோட்டாருக்கு, புது யூனிஃபார்முக்கு, விதை நெல் மூட்டைக்கு, மகளின் பாஸ்போர்ட் அட்டைக்குக்கூட, எல்லாவற்றுக்கும் மாதா கோயில் எண்ணெயில் விரல் தொட்டுச் சிலுவை போடுவது அவர் வழக்கம் என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு, "டாக்டர் சொல்றாங்கல்ல, விடும்மா" என்றாள்.

"எண்ணெ தொடாம அனுப்ப மாட்டேன் டாக்டரம்மா" என்றார் அம்மா. பிடிவாதமாக அல்ல, கெஞ்சிக் கேட்பது போலச் சொன்னார். "இவ அப்பா சவூதிக்குக் கெளம்பறப்ப வேன்காரரு அவசரப்படுத்தினாரு. நெத்தியில தொட மறந்துட்டேன். வேன் திரும்பற எடத்துலதான் ஞாபகம் வந்துச்சு. ஓடினேன். நிக்கல. போனவரு திரும்பி வரல. பெட்டிதான் வந்துச்சு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இது அந்த வீட்டில் அடிக்கடி பேசப்படுகிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

அது மாரடைப்பு, வெயில், வேலைச் சுமை என்று எவ்வளவோ சொல்லலாம். நான் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு வந்த நோயாளிகள் வெளியே சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். எண்ணெய் படவே கூடாது என்று பசை சொல்லவில்லை. ஒட்டுகிற நேரத்தில் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

"சரி, இங்க வச்சு, என் முன்னாடியே இப்பவே ஜெபம் பண்ணுங்க" என்றேன். "நீங்க முடிச்சதும் நான் எண்ணெய எடுத்துட்டு, என்கிட்ட இருக்கற அமிலத்த வச்சு, முதல்லேர்ந்து எல்லாத்தையும் பண்றேன். அதுக்கு அப்பறம் யாரும் தொடக் கூடாது. நீங்களும் தொடக் கூடாது, மாதாவும் தொடக் கூடாது." கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். லுத்தரன் வாய்.

"கழுவிட்டா எண்ணெ போயிடுமே?"

போய்விடும் என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவரே யோசித்துப் பதிலும் கண்டுபிடித்துக்கொண்டார். "ஞானஸ்நானத் தண்ணியயும் தொடச்சிடத்தான செய்றாங்க" என்றார். "தொடச்சா ஞானஸ்நானம் போயிடுதா? தொட்டது தொட்டதுதான்."

எங்கள் கோயிலிலும் குழந்தையின் தலையைத் துண்டால் துடைக்கத்தான் செய்கிறார்கள்.

அவர் சுருக்குப் பையிலிருந்து குட்டி பாட்டில் ஒன்றை எடுத்து, கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு, பீங்கான் பல்லின் மேல் சிலுவை போட்டார். அவ்வளவு சின்னப் பொருளின் மேல் சிலுவை போடுவது எளிதல்ல. உதடு அசைந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முடித்துவிட்டு, "இப்ப நீங்க பாத்துக்கங்க" என்று பல்லை என்னிடம் கொடுத்தார்.

ஸ்பிரிட்டில் போட்டு எண்ணெயை எடுத்தேன். மறுபடியும் அமிலம் வைத்தேன். கழுவி உலர்த்தியதும் உட்புறம் சுண்ணாம்பாக வெளுத்தது. லேப்காரர் சொன்ன அதே வெளுப்பு. சிலேன் தடவிக் காயவிட்டு, பசை வைத்துப் பல்லில் அழுத்தி, நீல வெளிச்சம் காட்டினேன். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னதால் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் உறையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்தேன். அது அசையவில்லை.

அன்று சாயங்காலம் லேப்காரருக்குப் போன் செய்து, "உங்க மேல தப்பில்ல" என்றேன். "எனக்குத் தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் எனக்குப் பல் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவள் அயர்லாந்துக்குப் போனாள். பல்லும் கூடவே போயிற்று. அம்மாவின் பற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அப்படி வரும்போதெல்லாம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் மகளைக் கூப்பிடுவாராம். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "ஈன்னு காட்டு" என்பாராம். அவள் அங்கே பஸ்ஸில் இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியில் இருந்தாலும் சரி, ஈ என்று காட்ட வேண்டும். பல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. வீட்டில் மறுபடி இட்லி வார்க்க ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார். உளுந்தை மட்டும் இப்போது களத்தில்தான் காயப்போடுகிறாராம்.

சில வருஷங்கள் போயின. ஒருநாள் அவள் என்னை நேராகக் கூப்பிட்டாள். வார்டில் நினைவு தப்பிய ஒரு பாட்டி கையை வீசியதில் முழங்கை பட்டு, பீங்கான் உடைந்துவிட்டது. அங்கேயே ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறாள்.

"மிச்சத்தக் கழட்டவே முடியல டாக்டர். அரைச்சு அரைச்சுத்தான் எடுத்தாங்க. யாரும்மா இத ஒட்டினதுன்னு கேட்டாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடக்கமாக ஏதோ சொல்ல முயன்றேன், முடியவில்லை. "நாந்தான்னு சொன்னியா?" என்று கேட்டுவிட்டேன்.

புதுப் பல் வந்த அன்று அங்கே நடந்ததையும் சொன்னாள். அந்த டாக்டர் உறையைக் கையில் எடுத்ததும், ஒரு நிமிஷம் என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். கிளம்பும்போது அம்மா கொடுத்த குட்டி பாட்டில் பையில் இருந்திருக்கிறது. எண்ணெய் தொட்டு, மேலே ஒரு சிலுவை போட்டு, திருப்பிக் கொடுத்து, "இப்ப ஸ்பிரிட்டுல கழுவிட்டு முதல்லேர்ந்து அமிலம் வைங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்த டாக்டர் அவளையும் பல்லையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அப்படியே செய்தாராம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். அந்தப் பல்லு உடஞ்சுதுன்னு தெரிஞ்சா, எனக்கு என்னமோ ஆகப் போவுதுன்னு சாப்பிடாது, தூங்காது. ப்ராமிஸ் பண்ணுங்க."

செய்து கொடுத்தேன்.

அடுத்த மாதமே அம்மா வந்தார். கீழ்வாய்ப் பல்செட் உறுத்துகிறது என்று காரணம் சொன்னார். உறுத்திய இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அது வேற பல்லு டாக்டரம்மா" என்றார்.

"எது?"

"எம் மவளுக்கு இருக்கறது. முன்ன இருந்த பல்லு ஓரத்துல லேசா ஒரு மஞ்ச நெழல் இருக்கும். பக்கத்துப் பல்லோட சேரணும்னு நீங்க வைக்கச் சொன்னது. இப்ப காட்டற பல்லுல அது இல்ல. வெள்ளையா இருக்கு."

கைபேசித் திரையில், ஞாயிறுதோறும் ஒரு நொடி காட்டுகிற ஈ-யில், அதைப் பார்த்திருக்கிறார். எக்ஸ்ரே வைத்துக்கொண்டு நான் தவறவிடுகிற விஷயங்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

"கேட்டீங்களா அவகிட்ட?"

"கேக்கல. கேட்டா அவ பொய் சொல்ல வேண்டி வரும். தூர தேசத்துல இருக்கற புள்ள, பாவம், அவள எதுக்குப் பொய் சொல்ல வைக்கணும்? நீங்களும் நான் கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லிடாதீங்க."

இப்படி இரண்டு பக்கமும் சத்தியம் வாங்கிக்கொண்டு நடுவில் மாட்டிக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"பல்லு போனா போவுது டாக்டரம்மா. நீங்க நல்லாத்தான் ஒட்டினீங்க, இத்தன வருசம் நின்னுச்சு. ஆனா இதுல எண்ணெ தொட்டிருக்காது. அங்க யாரு தொடப் போறாங்க? அவங்க அப்பா மாதிரி வெறுமன நிக்கறாளேன்னுதான்..." என்று சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மகள் உடைந்த பல்லை மறைத்ததும் இதே மாதிரிதான்.

நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது என் தொழிலின் கட்டளை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் வீட்டில் வளர்த்த வளர்ப்பு. இரண்டையும் அந்த நிமிஷத்தில் விட்டேன்.

"தொட்டிருக்காம்மா" என்றேன். "நீங்க கொடுத்த எண்ணெதான். அவளே தொட்டு, சிலுவ போட்டுத்தான் ஒட்டச் சொல்லியிருக்கா."

அவர் முந்தானையை எடுத்தார். பிறகு அவருக்கு வேறொரு கவலை வந்துவிட்டது.

"கழுவறதுக்கு முன்னாடிதான தொட்டா?"

"முன்னாடிதான்."

"அப்ப நிக்கும்" என்றார்.